ஆளுக்குப் பத்துக் கட்டம்

விடியாத நேரம் நாலே காலுக்கு அந்த வீட்டில் திட்டு ஆரம்பித்துவிடும். திட்டு வாங்குகிறவர் படுக்கையில் போர்வையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தூங்குகிற ஆள்மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். திட்டுகிறவள் அவருடைய மச்சினி, மனைவியின் கூடப்பிறந்த தங்கை. கூடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே தொடங்குவாள்.

"எந்த மகராசன் அந்தப் படத்தப் போட்டானோ, அவன் கை விளங்குமா? அவன் உருப்படுவானா? என் காலு வீங்கின மாதிரி அவன் காலும் வீங்கணும்."

வலது ஷூ முடிந்து இடது ஷூவுக்கு வரும்போது, திட்டு படம் போட்டவனின் குடும்பத்துக்குள் நுழைந்துவிடும்.

"அவனையும் நம்பி ஒருத்தி குடும்பம் நடத்துறா பாரு, முதல்ல அவளச் சொல்லணும்!"

"சரியாச் சொன்னடி!" என்று சமையல்கட்டிலிருந்து அக்காக்காரி ஒத்து ஊதுவாள். தங்கைக்கு டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டிருக்கிற அவளுக்கு என்ன தெரியும்? படத்தைப் போட்ட மகராசன் பக்கத்து அறையில் போர்வைக்குள் இருந்தார்.

மச்சினிக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. கட்டினவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பத்து வருடம் ஆகிறது. அன்றிலிருந்து இவர்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறாள். காலை ஐந்தே முக்காலுக்குள் ஆஸ்பத்திரியில் கைநாட்டு இயந்திரத்தில் விரலை வைத்தாக வேண்டும். அதற்கு அவளுக்கு ஒரு பஸ் இருந்தது. ஐந்து ஐந்துக்குத் தெருமுனையில் ஏறினால் ஐந்து முப்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரி வாசல். அந்த பஸ்ஸைத்தான் மூன்று மாதத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். சோதனைமுறையில் நிறுத்தியிருப்பதாக நிறுத்தத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஏன் நிறுத்தினோம் என்று பொதுமக்களுக்கு விளங்கவேண்டுமாம், அதற்காக நோட்டீஸின் கீழே ஒரு படம். நேரவாரியாகப் பயணிகள் எத்தனை பேர் என்று காட்டும் செவ்வகங்கள். அதில் ஐந்து மணிக்காரர்களின் செவ்வகம் மூலையில் குட்டையாக உட்கார்ந்திருந்தது. அடுத்த பஸ் பிடித்தால் ஆறு ஐந்துக்குத்தான் போய்ச் சேர முடியும். ஆகவே அவள் நாலரைக்குக் கிளம்பி ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தாள்.

நோட்டீஸ் ஒட்டிய அன்று சாயங்காலமே அவள் கேட்டாள்.

"அத்தான், உங்க ஆபீஸ்தானே? யாரு போட்ட படம் அது?"

"அதெல்லாம் தலைமை அலுவலகத்துல போடுறது. நமக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல," என்று அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டிய பிறகும் கொஞ்ச நேரம் ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பணிமனையில் அவரை எல்லோரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவார்கள். மேனேஜர் முதல் டீக்காரர்வரை அதே பெயர். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஆறங்குல ஸ்கேல் இருக்கும். புள்ளிவிவர எழுத்தர் என்பது உத்தியோகப் பெயர். பஸ் கழுவுகிற முற்றத்தைப் பார்த்த ஜன்னலோரம் ஒரு மேசை, அதில் இருபத்தேழு வருடமாகக் கோடு. சீட்டாக இருந்தாலும் சரி, அறிக்கையாக இருந்தாலும் சரி, தலைப்பு எழுதினால் அதன் கீழே இரண்டு கோடு போடாமல் அவரால் இருக்க முடியாது. மேலே ஒன்று தடிமனாக, கீழே ஒன்று மெல்லிசாக. கம்ப்யூட்டரில் படம் போடுகிற காலத்திலும், மேனேஜருக்கு அவர் கைப்படம்தான் பிடிக்கும். அச்சுமாதிரி இருக்கிறது என்பார். அந்தப் பாராட்டுக்கு ஸ்கேல் கொஞ்சம் மயங்குகிறவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் படம் எப்படி வந்தது என்பதை இங்கே பொறுமையாகச் சொல்லியாக வேண்டும். செய்த பாவம் முழுக்க அந்த ஒரு மத்தியானத்தில்தான் நடந்தது.

நடத்துநர்கள் கையில் ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். ஏறுகிறவர்களை எண்ணி எழுத அதில் ஆறு பெட்டி. எந்தக் காலத்தில் யார் அச்சடித்ததோ, பணி மாறுகிற நேரத்தை வைத்துப் பெட்டி போட்டிருந்தார்கள். அதனால் ஒன்றுக்கொன்று அளவு ஒத்துவராது. ஐந்திலிருந்து ஐந்தரைவரை, வெறும் அரை மணி நேரத்துக்கு ஒரு பெட்டி. பத்திலிருந்து ஒன்றுவரை, முழுசாக மூன்று மணி நேரத்துக்கும் ஒரே பெட்டி. கூட்டிப் பார்த்ததில் முதல் பெட்டியில் நாற்பது பேர். அந்த அரை மணியில் ஓடுவது ஒரே ஒரு பஸ். பத்து மணிப் பெட்டியில் நூற்றிருபது பேர். அந்த மூன்று மணி நேரத்தில் ஓடுவது ஆறு பஸ். பஸ்ஸுக்கு இருபது பேர்தான் ஆகிறது.

பெட்டிகள் ஒரே அகலமாக இல்லாவிட்டால், எண்ணிக்கையை அப்படியே தூக்கி உயரமாக நிறுத்தக் கூடாது. பள்ளிக்கூடத்தில் நிகழ்வுச் செவ்வகம் நடத்தும்போதே வாத்தியார்கள் தலையில் குட்டிச் சொல்கிற விஷயம் இது. அகலத்தால் வகுத்து, அரை மணிக்கு எத்தனை பேர் என்று கண்டுபிடித்து, அதைத்தான் உயரமாக வைக்க வேண்டும். ஸ்கேலுக்கு இது தெரியாதா? தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். முதலில் பென்சிலில் அப்படித்தான் போட்டார். ஐந்து மணிச் செவ்வகம் ஒல்லியாக, நாற்பதின் உயரத்துக்கு நெட்டுக்குத்தாக நின்றது. பத்து மணிச் செவ்வகம் அகலமாக, இருபதின் உயரத்தில் தணிந்து படுத்திருந்தது.

மேனேஜர் வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா ஸ்கேல், வெளையாடுறியா? நாப்பது பேரு நெடுநெடுன்னு நிக்கிறான், நூத்தி இருபது பேரு அவன் இடுப்புக்குக்கூட வரமாட்டேங்கிறான்?"

"இல்லீங்க, அகலம் வேற வேறயா இருக்கறதால..."

"அகலமாவது நீளமாவது. ஆண்டறிக்கைக்குப் போற படம். பார்த்தா பச்சப்புள்ளைக்கும் புரியணும். நாப்பதுன்னா நாப்பது உயரம், நூத்தி இருபதுன்னா நூத்தி இருபது உயரம். எனக்கு ரெண்டு மணிக்குள்ள வேணும்."

விளக்கிச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மேனேஜர் உதட்டைப் பிதுக்குவார், பக்கத்து மேசைகள் சிரிக்கும், அதற்குமேல் ஒன்றும் ஆகியிருக்காது. அந்த ஐந்து நிமிடத்துக்கு அவர் பயந்தார். தலையை ஆட்டிவிட்டு ரப்பரை எடுத்தார். அழித்த துணுக்குகளை ஊதித் தள்ளிவிட்டு, நாற்பதுக்கு நாற்பது உயரமும் நூற்றிருபதுக்கு நூற்றிருபது உயரமும் வைத்தார். அகலத்தை மட்டும் மாற்றவில்லை. பக்கவாட்டு அச்சில் 'பயணிகள் எண்ணிக்கை' என்று மணிமணியாக எழுதினார். எண் எதுவும் பொய்யில்லையே என்று மனசுக்கு ஒரு சமாதானம். ஆண்டறிக்கையை யார் படிக்கப்போகிறார்கள் என்று இன்னொரு சமாதானம். தலைப்பின் கீழே இரண்டு கோடும் போட்டார்.

படித்துவிட்டார்கள். எந்தச் செவ்வகம் குட்டையோ அந்த பஸ்ஸை நிறுத்து என்று பதினைந்தாம் நாள் உத்தரவு வந்தது. நல்ல படம் என்று மேனேஜருக்கு ஒரு கடிதம் வந்தது. மேனேஜர் தங்கமான மனுஷன்தான், அந்தக் கடிதத்தை எல்லோர் முன்னாலும் படித்து ஸ்கேலின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்றைக்கு வாயைத் திறந்திருக்கலாம். மறுநாளும் திறந்திருக்கலாம். திறக்காமல் போன ஒவ்வொரு நாளும், அதற்கு அடுத்த நாள் திறப்பது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே வந்தது. நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அப்படியே தொண்ணூறு நாள் ஓடிவிட்டது.

இதற்கிடையில் மச்சினியின் பெயருக்கு எதிரே சிவப்பு வட்டம் விழ ஆரம்பித்தது. சலவைப் பிரிவில் நேரம் தப்பினால் வருகைப் பதிவேட்டில் சிவப்பு வட்டம். ஒரே வருடத்தில் மூன்று வட்டம் விழுந்தால், நிரந்தர வேலைக்கான பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். தினக்கூலியாக வேலை செய்யலாம், ஆனால் பட்டியலில் மறுபடியும் கடைசியிலிருந்து நிற்க வேண்டும். அவள் எட்டு வருடமாக அந்தப் பட்டியலில் இருந்தாள். அவளுக்கு முன்னால் இனி மூன்றே பேர். எட்டு வருடத்தில் ஒரு வட்டம்கூட விழாதவளுக்கு இந்த மூன்று மாதத்தில் இரண்டு.

"இன்னொண்ணு விழுந்தா போச்சு அத்தான். எட்டு வருஷமும் தண்ணியில போட்ட மாதிரிதான்," என்று ஒருநாள் சொன்னாள். அவருக்குப் புரையேறியது. மனைவி தண்ணீர் எடுத்து நீட்டினாள்.

வியாழக்கிழமை மறுபரிசீலனைக் கூட்டம் என்று பணிமனையில் சொன்னார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி அம்மா ஒருவர் வருகிறார். சோதனைக்காலம் முடிந்தது, இனி நிரந்தரமாகவே நிறுத்திவிடலாமா என்று அன்றைக்கு முடிவாகும். மேனேஜர் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை மனைவி அவரை உலுக்கினாள். "தினம் இருட்டுல நடந்து போறா. ஒரு நாளாவது துணைக்குப் போயிட்டு வந்தா உங்க கிரீடம் இறங்கிடுமா?" கிரீடம் இறங்கவில்லை. எழுந்து போனார்.

மச்சினி வேகமாக நடந்தாள். ஐம்பத்திரண்டு வயசுக்காரர் பக்கத்தில் லொங்குலொங்கென்று ஓடினார். தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அவள் நின்றாள். விளக்கு வெளிச்சத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் நோட்டீஸ். அதன் கீழே அவருடைய படம். யாரோ பேனாவால் ஐந்து மணிச் செவ்வகத்துக்குக் கண்ணும் அழுகிற வாயும் வரைந்திருந்தார்கள்.

"இத நான் தினம் பார்க்கிறேன்," என்றாள். "நாங்க நாப்பது பேரு, இத்தனூண்டு. பத்து மணிக்காரங்கள பாருங்க, மாடி வீடு மாதிரி நிக்கிறாங்க. ஆனா லீவு நாள்ல நான் பத்து மணி பஸ்ல போயிருக்கேன் அத்தான். காலை நீட்டிப் படுத்துக்கிட்டே போகலாம், அவ்வளவு காலி. எங்க பஸ்ல உட்கார இடம் கிடைக்காது. அப்புறம் எப்படி அத்தான் படத்துல மட்டும் இப்படி?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. அகலம் என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். அவர் படத்தைப் பார்த்தார். தலைப்பின் கீழே தன் இரண்டு கோட்டையும் பார்த்தார்.

"நம்பர் எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார்.

"நம்பர் சரிதான். அத யாரு இல்லேன்னா?" அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரி, நடங்க. மணி ஆகுது," என்று திரும்பிவிட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவளை விட்டுவிட்டு, ஆபீஸுக்குப் போன் செய்து அரைநாள் லீவு சொன்னார். திரும்பி வரும்போது அவர் பத்து மணி பஸ்ஸில்தான் வந்தார். வேண்டுமென்றே அதற்காகக் காத்திருந்து ஏறினார். ஏறினவர்களை எண்ணினார். பதினெட்டுப் பேர், அவரோடு சேர்த்து.

புதன்கிழமை அவர் மேசையில் ஒரு புது வரைபடத்தாளை விரித்தார். முதலில் பழைய படத்தை நகலெடுத்து, அதில் சின்னக் கட்டங்களை எண்ணினார். இந்தக் கணக்கை இதற்கு முன்னால் அவர் போட்டுப் பார்த்ததே இல்லை. போட்டுப் பார்க்கப் பயம் என்பதுதான் நிஜம். அரை மணிக்கு ஒரு சென்டிமீட்டர் அகலம், பத்துப் பேருக்கு ஒரு சென்டிமீட்டர் உயரம்; ஒரு சென்டிமீட்டர் சதுரத்துக்குள் நூறு சின்னக் கட்டம். ஐந்து மணிச் செவ்வகத்துக்குள் நானூறு சின்னக் கட்டம், ஆட்கள் நாற்பது. ஆளுக்குப் பத்துக் கட்டம். பத்து மணிச் செவ்வகத்துக்குள் ஏழாயிரத்து இருநூறு கட்டம், ஆட்கள் நூற்றிருபது. ஆளுக்கு அறுபது.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். மறுபடியும் எண்ணினார். அறுபதுதான்.

பத்து மணிக்குக் கடைக்குக் கிளம்புகிற ஓர் ஆளுக்குத் தாளில் கொடுத்த இடத்தில், ஐந்து மணிக்காரர்கள் ஆறு பேரை அடைத்திருந்தார். அந்த நாற்பதில் ஒருத்தி யார் என்று தெரிந்தேதான் அடைத்திருந்தார். பத்து வருடம் ஒரே சட்டியில் சாப்பிட்டவள். கட்டிக்கொடுத்த அவர் மகளின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் பத்து நாள் தரையில் படுத்தவள். அவளை ஆறில் ஒரு பங்காக வரைந்துவிட்டு, அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். சீ, நானும் ஒரு மனுஷனா என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

பிறகு புதுத்தாளில் சரியான படத்தைப் போட்டார். இந்தப் படத்தில் எந்தச் செவ்வகத்தை எடுத்து எண்ணினாலும் ஆளுக்குப் பத்துக் கட்டம்தான். ஐந்து மணிக்கும் பத்து, பத்து மணிக்கும் பத்து. முடித்துவிட்டு மேனேஜர் அறை வாசல்வரை போனார். உள்ளே மேனேஜர் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நாளைக்குக் கூட்டத்திலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பி வந்துவிட்டார். அந்த ஒரு நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வியாழன் விடியற்காலை மழை கொட்டியது. அன்றைக்குத் திட்டுகூட இல்லை. மச்சினி ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்போடு குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டத்தில் ஏழெட்டுப் பேர்தான். அதிகாரி அம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். "தெளிவா இருக்கே. அப்ப நிறுத்தினதையே நிரந்தரமாக்கிடலாமா?" என்றார். மேனேஜர் தலையாட்டுவதற்குள் ஸ்கேல் எழுந்துவிட்டார். கையில் சுருட்டிய தாள்.

"அந்தப் படம் தப்புங்க."

அறை திரும்பிப் பார்த்தது. அவர் புதுத்தாளை மேசையில் விரித்து, நான்கு மூலைக்கும் டீக் கோப்பைகளை வைத்து அழுத்தினார். பெட்டிகளின் அகலம், வகுத்தல், ஆளுக்குப் பத்துக் கட்டம், ஆளுக்கு அறுபது கட்டம். எல்லாவற்றையும் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதிகாரி அம்மா பென்சில் முனையால் தானே எண்ணிப் பார்த்தார்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "மேடம், வேலை மும்முரத்துல பாவம் கவனிக்காம விட்டுட்டார் போல. இருபத்தேழு வருஷ சர்வீஸ், முதல் தப்பு. மனுஷன்தானே."

தப்பித்துக்கொள்ள வழி அகலமாகவே திறந்திருந்தது. உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

"இல்லீங்க. கவனிச்சேன்," என்றார் ஸ்கேல். "முதல்ல இதத்தான் போட்டேன். அழிச்சிட்டு அதப் போட்டேன்."

"ஏன்?"

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "பார்த்தாப் புரியிற மாதிரி வேணும்னாங்க. இதையே எடுத்துச் சொல்லியிருந்தாப் புரிஞ்சிருக்கும். சொல்லப் பயந்துட்டேன். அழிச்சது என் கைதான்."

"உங்க வீட்டுல யாராவது அந்த பஸ்ல போறாங்களா?" என்று அதிகாரி அம்மா கேட்டார்.

"ஆமாங்க. என் மச்சினி."

"பார்த்தீங்களா மேடம்!" என்று மேனேஜர் நிமிர்ந்தார். "சொந்தக்காரங்களுக்காக..."

அதிகாரி அம்மா கையமர்த்தினார். "நீங்க அழிச்சப்ப அவங்க அந்த பஸ்லதான் போயிட்டிருந்தாங்களா?"

"ஆமாங்க."

"அது உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

மேனேஜர் மறுபடியும் கோப்பைக்குள் பார்க்க ஆரம்பித்தார். சொந்தக்காரருக்குச் சாதகம் செய்கிறவனைப் பற்றி யாரும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். இந்த ஆளை என்னவென்று சொல்வது?

திங்கட்கிழமையிலிருந்து ஐந்து ஐந்து பஸ் மறுபடியும் ஓடும், பத்திலிருந்து ஒன்றுக்குள் ஓடும் ஆறில் ஒன்றை நிறுத்துவது என்று முடிவாயிற்று. ஸ்கேலை அடுத்த உத்தரவுவரை தவறவிட்ட பொருட்கள் அறைக்கு மாற்றினார்கள். குடை, டிபன் டப்பா, ஒற்றைச் செருப்பு, இவற்றைப் பட்டியல் போடுகிற வேலை. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. மனசு லேசாகி, கிட்டத்தட்ட துள்ளிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தார். முதலில் பஸ் வருகிறது என்று சொல்வது, பிறகு மற்றதைச் சொல்வது.

வாசலிலேயே மனைவி நின்றாள். "மூணாவது வட்டமும் விழுந்துடுச்சுங்க. மழையில வழியெல்லாம் தண்ணி, சுத்திக்கிட்டுப் போயிருக்கா. பதினோரு நிமிஷம்தான். பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்களாம்."

அவர் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். நேற்று மேனேஜர் அறை வாசலிலிருந்து திரும்பியது நினைவுக்கு வந்தது. நேற்றே சொல்லியிருந்தாலும் இன்றைக்கு பஸ் வந்திருக்காது என்று ஒரு சமாதானம் எழுந்தது. தொண்ணூறு நாளைக்கு முன்னால் சொல்லியிருந்தால் வந்திருக்கும்.

மச்சினி கூடத்தில் முக்காலியில் உட்கார்ந்து, பையோடு நனைந்துபோன ஷூவுக்குள் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்துக்கொண்டிருந்தாள். அழுத முகமாகத் தெரியவில்லை. அழுது முடித்த முகமாக இருந்தது. ஒத்திகை பார்த்ததெல்லாம் அவருக்குப் போன இடம் தெரியவில்லை.

"அந்தப் படம் நான் போட்டது," என்றார்.

பேப்பர் திணிக்கிற கை நிற்கவில்லை.

"தலைமை அலுவலகம்னு பொய் சொன்னேன். முதல்ல சரியாத்தான் போட்டேன். மேனேஜர் முறைச்சாரு, அழிச்சிட்டேன். தப்புன்னு தெரிஞ்சேதான் போட்டேன். இன்னிக்குத்தான் போய்ச் சொன்னேன். திங்கக்கிழமை பஸ் வந்துடும். ஆனா உனக்கு..."

"தெரியும்," என்றாள் மச்சினி.

"எது?"

"நீங்க போட்டதுன்னு. ஒட்டின அன்னிக்கே தெரியும்." அவள் சுவரைக் காட்டினாள். அங்கே காலண்டர் தொங்கியது. மாதம் பிறந்தால், எந்த வாரம் துவைப்பு, எந்த வாரம் இஸ்திரி, எந்த நாள் விடுப்பு என்று அவளுடைய வேலை நாட்களை அதில் எழுதிக்கொடுப்பது அவர்தான். மேலே 'தங்கச்சி ஷிப்ட்' என்று தலைப்பு. தலைப்பின் கீழே தடிமனாக ஒரு கோடு, மெல்லிசாக ஒரு கோடு. "பத்து வருஷமா இத பார்த்துக்கிட்டுத்தானே வேலைக்குப் போறேன். எனக்குத் தெரியாதா?"

மனைவிக்கு இப்போதுதான் எல்லாம் உறைத்தது. "அடிப்பாவி! அப்ப தினம் காலையில, அவனை நம்பிக் குடும்பம் நடத்துறவளச் சொல்லணும்னு நீ திட்டினது என்னையா? நானும் சரியாச் சொன்னடின்னு ஒத்து ஊதிக்கிட்டு..."

"உன்னையும் சேர்த்துத் திட்டினாத்தான்க்கா அவருக்கு உறைக்கும்னு பார்த்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கேட்டிருக்கலாமே. முகத்துக்கு நேரா, ஏன் இப்படிப் பண்ணீங்கன்னு ஒரு வார்த்தை."

"கேட்டேனே அத்தான். செவ்வாக்கிழமை, அந்த நிறுத்தத்துல வச்சுக் கேட்டேனே, எப்படி அத்தான் இதுன்னு. நம்பர் சரியா இருக்குன்னீங்க."

அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயசு ஆம்பளை, மனைவிக்கும் மச்சினிக்கும் முன்னால் தோள் குலுங்க அழுதார். தேற்ற யாரும் வரவில்லை. மனைவி சமையல்கட்டுக்குள் போனாள், பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. மச்சினி இரண்டாவது ஷூவிலும் பேப்பரைத் திணித்து முடித்து, இரண்டையும் ஜோடியாகச் சுவரோரம் வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள்.

"நாளைக்கு மாசம் பிறக்குது. எழுதிக் குடுங்க. பட்டியல்ல பேர் இல்லேன்னாலும் வேலைக்குப் போகணுமில்ல. முதல் வாரம் துவைப்பு. அதே அஞ்சே முக்கால்தான்."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாளைப் புரட்டினார். பையிலிருந்து பேனாவை எடுத்து, தலைப்பை எழுதினார். துவைப்பு நாட்களையும் விடுப்பு நாட்களையும் அவள் சொல்லச் சொல்ல எழுதினார். எல்லாம் முடிந்தபோது கை வழக்கம்போல ஸ்கேலை எடுத்துத் தலைப்பின் கீழே வைத்துவிட்டது. வைத்த கை அங்கேயே நின்றது. மெதுவாக ஸ்கேலை எடுத்துப் பைக்குள் போடப் போனார்.

"போடுங்க," என்றாள் மச்சினி. "அந்த ரெண்டு கோடு இல்லேன்னா, நீங்க செஞ்சதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் ஸ்கேலை மறுபடியும் தாளில் வைத்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கோடு போட்டார். அவள் காலண்டரை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.